ஞாயிற்றுக்கிழமை எண்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது, இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. நீ சுகமாக இருக்கிறாயா? போனில் என்றால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வாரா வாரம் அப்பாவின் சர்க்கரை அளவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய் அல்லவா, நான்கு மாதமாக நான் அனுப்பியது அப்பாவின் ரத்தம் இல்லையடா, என்னுடையது. பஸ் ஓட்டுகிற வேலை முடிந்து வீட்டோடு முடங்கிக் கிடந்த மனிதர் மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போக ஆரம்பித்து அப்போதுதான் முகம் தெளிந்திருந்தது. எரிந்து விழுவதில்லை, படுத்தால் தூங்கினார். அந்த முதல் ஞாயிறு மெஷின் இருநூற்று அறுபது காட்டியது. அவரோ ஊசிக்குப் பயந்து கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு வரவில்லை. வேறு ஊசியால் என் விரலில் குத்திக்கொண்டேன், தையல்காரி விரலுக்கு அது ஒரு குத்தா? நூற்றுப் பத்து வந்தது. ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். பிறகு அவர் எண்ணைப் பார்க்கவே பயமாகிவிட்டது; அவருக்குப் பேருக்கு ஒரு குத்து, மெஷினுக்கு என் ரத்தம். நீயும் "சூப்பர்ப்பா" என்று அனுப்ப, மனுஷன் மூச்சே மருந்து என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

போன வியாழன் துவைக்க எடுத்த காலுறை ஈரமாக, நாற்றத்தோடு இருந்தது. இடது கால் சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி திங்கட்கிழமைதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போக முடிந்தது. அங்கே முந்நூற்று எண்பது. இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரலோடு நிற்காது என்றார் டாக்டர். அப்பா சம்மதிக்கவில்லை. உங்கள் மெஷின்தான் தப்பு என்று சொல்லி, நான் உனக்கு அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். வகுப்பு டீச்சரம்மா கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து, "நான் எப்பங்க மாத்திரையை விடச் சொன்னேன்? மூச்சும் மருந்தும் ஒரே உடம்புக்குத்தானே?" என்று சத்தம் போட்டார். அதற்கும் அசையவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு மறுபடி போகிறோம். டாக்டர் முன்னால் வைத்தே சொல்லப் போகிறேன். முதலில் உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் பிறகு பின்வாங்க முடியாது பார். என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அந்த வகுப்பை மட்டும் திட்டாதே, அவர் அதையும் விட்டால் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுவார். நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. போன ஞாயிறு இருநூற்றுப் பன்னிரண்டு என்று அனுப்பினேனே, அப்பாவை இனிப்பைத் தொடவிடாதே என்று கோபப்பட்டாயே. அவரிடம் அன்றும் நூற்றுப் பத்து என்றுதான் சொன்னேன், அந்தப் படத்தையும் உன் பதிலையும் போனிலிருந்து உடனே அழித்துவிட்டேன். வியாழனிலிருந்து நான் கண் மூடவில்லை, வாயில் எதுவும் இறங்கவில்லை. அதுவும் என் விரல்தான்டா. நாளைக்கு டாக்டரிடம் நானும் கையை நீட்டப் போகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா