பதினேழு துண்டும் ஒண்ணுமில்லையும்

அன்பு மகள் குண்டூசிக்கு,

எட்டுத் திசைக்கும் எடைபோட்டுக் கொடுக்கும் தராசுப் பேரரசர், உன் சித்தப்பா, பாதி நின்றும் பாதி நடந்தும் எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் எதுவும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். சித்தியும் நலம் என்று எழுதப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஒரு சொல்லால்தானே இத்தனை வம்பும், அதனால் அவள் சேதியை அவளே கடைசியில் எழுதட்டும்.

உன் கடிதம் நேற்று மதியம் கடைக்கே வந்தது. மளிகைக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்த எலெக்ட்ரானிக் தராசைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பியிருந்தேன். படித்து முடித்தபோது கையில் இருந்த திருகாணியைக் காணோம், இன்றைக்கும் காணோம், மளிகைக்காரர் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைக் கண்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ஒழுங்குக் குழு உன்னை விசாரிக்கும், விடுப்புக்குப் பொய்க் காரணம் காட்டியதாக முடிவானால் கல்லூரியை விட்டே நீக்கிவிடுவார்கள், அதுவரை கைபேசி விடுதி அலுவலகத்தில் இருக்கும் என்று என்னமோ பால் வாங்கி வரச் சொல்வதுபோல நாலே வரியில் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த நாலு வரி நானூறு கிலோ. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. கடைக்கும் வீட்டுக்கும் நேற்றிலிருந்து நடந்த நடையில் பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றியிருப்பேன்.

நீ சேர்ந்த அன்று கொடுத்தார்களே அந்த விதிப்புத்தகம், அதைப் பரணிலிருந்து இறக்கினேன். அறுபத்துநான்கு விதிகள். படிக்கட்டில் ஓடக்கூடாது, ஆய்வகத்தில் சிரிக்கக்கூடாது, ஜன்னல் கம்பியில் துணி காயப்போடக்கூடாது, துணி காய்வதற்கு வேறு எங்கே போகும் என்று மட்டும் ஒரு விதியும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'படித்து ஒப்புக்கொண்டேன்' என்று பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருக்கிறேன், எல்லாப் பக்கத்திலும், வால் நீட்டி, சுழித்து, மேலே இரண்டு புள்ளி வைத்து. படித்தது நேற்றுத்தான். யோசித்துப் பார்த்தால் உன் கல்லூரிக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான். விதி இருபத்தெட்டு, விடுதிக்கு வரும் கடிதங்களைக் காப்பாளர் பிரித்துப் பார்க்கலாம் என்கிறது. ஆகவே காப்பாளர் அம்மா, வணக்கம், நீங்களும் உட்கார்ந்து படியுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

போன மாதம் உன் சித்தி குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு ஒரே இடத்தில் முறிந்தது, ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. உனக்கு ஐந்து நாள் விடுப்பு கேட்டு நான் எழுதிய கடிதத்தில் கால் பதினேழு துண்டாகிவிட்டது, எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர் கண்ணீர் விட்டார், பக்கத்தில் நின்ற நர்ஸ் மயங்கிச் சரிந்தார் என்று இருந்தது. ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று எழுதினால் ஐந்து நாள் தரமாட்டார்களோ என்று பயம். சரி, பயம் பாதி, மீதி பாதி வாய்க்கொழுப்பு. அதைப் படித்த காப்பாளர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்து, நீ இங்கே வந்து சேர்ந்த மறுநாள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். நான் கடையில், நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். சித்தி காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதற்கு அந்த மகராசி சொன்ன பதில், "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான். காப்பாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார், அவர்மேல் தப்பே இல்லை. நான் பதினேழு என்றேன், இவள் ஒண்ணுமில்லை என்றாள், உண்மை ஒன்று என்று நடுவே தனியாக நின்றது, அதன் பக்கத்தில் நீயும்.

இது மட்டும் என்றால் எக்ஸ்ரேயைக் காட்டி முடித்துவிடலாம். பழைய மூன்று விடுப்புக் கடிதங்களும் உன் கோப்பில் இருக்கின்றனவே. ஒட்டின உறையை நீ அப்படியே அலுவலகத்தில் கொடுத்தாய், உள்ளே என்ன இருந்தது என்று உனக்கு இன்றுவரை தெரியாது. முதல் வருஷம் நீ போனில் அழுதாயே, வீட்டுக்கு வரணும் போல இருக்கு என்று, காரணத்தை நான் பாத்துக்கறேன் என்று நானும் மார்தட்டினேனே. அப்போது நம் வீட்டுக் கூரை காற்றில் பறந்து அடுத்த தெருவில் இறங்கியது. நிஜத்தில் சமையலறை மூலையில் ஒழுகியது, அடியில் ஒரு வாளி வைத்தோம். அடுத்த தடவை சித்திக்கு இரண்டு கண்ணிலும் பெரிய ஆபரேஷன். நிஜத்தில் கண்ணாடி மாற்றினாள். மூன்றாவது தடவை நானே சாகக் கிடந்தேன், உன் பெயரைச் சொல்லிப் புலம்பினேன். ஜலதோஷம், இரண்டு நாள். எழுதும்போது எனக்கு அதெல்லாம் பொய்யாகவே தெரியவில்லை மகளே. கடையில் இருபத்தாறு வருஷமாக ஒரு கிராம் கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறேன், ஒரு கிராம் பிசகினாலும் எடையளவு ஆய்வாளர் தராசில் முத்திரை போடமாட்டார். கடையில் அடக்கி வைத்ததையெல்லாம் கடிதத்தில் கொட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

நேற்று மாலையிலிருந்து ஒழுங்குக் குழுவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பிரதி 'மாட்சிமை தங்கிய பேரவையினரே' என்று தொடங்கி ஆறு பக்கம் ஓடியது. சித்தி அதே முக்காலி, அதே மாவுக்கட்டு, கையில் ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, "இது எதுக்குங்க?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். மாட்சிமை போயிற்று, பேரவை போயிற்று, என் கண்ணீர்க் கடல் போயிற்று. மூன்றாம் பிரதியில் கால் முறிந்த நாலாவது கடிதத்தை மட்டும் நிரூபித்துவிட்டு மற்ற மூன்றைப் பற்றி மூச்சே விடாமல் முடித்திருந்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது. விதி பத்தொன்பது என்ன சொல்கிறது தெரியுமா, 'மாணவரோ அவர் சார்பில் எவரேனுமோ' பொய்த் தகவல் தந்தால் நீக்கம். நான் ஒப்புக்கொண்டால் அடி விழுவது உன்மேல். சித்தியிடம் சொன்னேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நாலாவது மட்டும் நிஜம்னு சொன்னா மத்த மூணு என்னன்னு கேக்க மாட்டாங்களா? அப்ப அந்தப் புள்ள என்ன சொல்லும்?" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நீ மட்டும் யோக்கியமா, கால்ல கட்டோட ஒண்ணுமில்லன்னு சொன்னவதானே என்று கத்தினேன். அவள் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டே, "யாராவது எப்படி இருக்கீங்கன்னு கேட்டா வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அப்புறம்தான் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. குழுவுக்கு நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் 'என் சித்தப்பா எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயாம். அடி பைத்தியமே. அந்தக் கோப்பில் உன் கையால் எழுதின ஒரே பொய் அதுதான், அதுவும் பொய் என்று தெரியாமலே எழுதியிருக்கிறாய். உன் அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆறு வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறினாய், நான் எது சொன்னாலும் நம்பினாய், நிலாவுக்கு நான்தான் வருஷா வருஷம் எடைபோட்டு முத்திரை குத்துகிறேன் என்று சொன்னதையும் நம்பினாய். அந்த நம்பிக்கையிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நேற்று முதல்முறையாக எனக்கு என்மேல் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் பிரதி முடிந்தது. அதில் இருப்பது இவ்வளவுதான்: 'என் மனைவியின் கால் எலும்பு ஓரிடத்தில் முறிந்தது. எக்ஸ்ரே இணைத்துள்ளேன். இதற்கு எழுதிய கடிதத்திலும் முந்தைய மூன்று கடிதங்களிலும் நான் மிகைப்படுத்திப் பொய் எழுதினேன். அவற்றில் என்ன இருந்தது என்று என் மகளுக்குத் தெரியாது. என்னைக் கேளுங்கள்.' ஐந்து வாக்கியம், சித்தி எதையும் அடிக்கவில்லை. விசாரணைக்கு ஒரு நாள் முன்னதாக அலுவலகத்தில் சேர வேண்டும் என்பது விதி நாற்பத்தொன்று. கூரியர்காரர் ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார், இப்போது நாலு இருபது, இந்தக் கடிதம் விடுதிக்கும் அது அலுவலகத்துக்கும் ஒரே கூரியரில் போகின்றன. வியாழக்கிழமை பேருந்து ஏறுகிறேன். அடுத்த வீட்டுத் தையல்காரரின் மனைவி சித்தியோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அழைக்காமல் பாதுகாவலர் உள்ளே வரக்கூடாது என்று ஐம்பத்திரண்டாம் விதி இருக்கிறது, வாசலுக்கு வெளியே நிற்கக்கூடாது என்று ஒரு விதியும் இல்லை, இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பேன், கூப்பிட்டால் வருவேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்றால், ராத்திரி நன்றாகத் தூங்கு, காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, அவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் சொல், என் குடும்பத்துப் பழக்கத்தை அங்கே காட்டாதே. முக்கியமாக, என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. நீ எழுதிக் கொடுத்ததைத் திருத்திக்கொள்கிறேன் என்று நீயே முதலில் கேள். உன் சித்தப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டால், கூட்டிச் சொல்றவர்னு சொல்லிடு. அதில் ஒரு கிராம்கூடக் குறைக்காதே.

எல்லா நலமும் பெற்று, எடுத்த படிப்பை முடித்து, நிமிர்ந்து நட. மறுபடி நினைவூட்டுகிறேன், வெறும் வயிற்றோடு போகாதே.

இப்படிக்கு,
பட்டம் எதுவும் இல்லாத,
உன் சித்தப்பா

குண்டூசி, சித்தி எழுதுறேன். காப்பாளர் அம்மாவும் படிக்கட்டும். கால் ரொம்ப வலிக்குது. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. அவங்க போன் பண்ணின அன்னிக்கும் வலிச்சுது. நீ வந்த அஞ்சு நாளும் நீதான் தாங்கிப் பிடிச்சு நடக்க வெச்ச. இதை அவர் சொல்லி நான் எழுதல.