கொடுக்காமல் வைத்திருந்த தபால்

மணிமுத்தாறு
5.10.2025

அன்பு மகள் தனலட்சுமிக்கு அப்பா பூதத்தான் எழுதுவது. நான் நலம். நீ அங்கே சென்னையில் சுகமாக இருக்க வேண்டும்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாற்பது வருஷம் தேயிலைச் செடியைக் கழித்துவிடக் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இது. பேனாவையும் கத்தி மாதிரியே அழுத்துகிறது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடும். இந்தக் கடிதத்தைத் தொடங்கி ஆறு நாள் ஆகிறது.

ஆனால் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? போன வாரம் பேருந்தின் பலகையை நானே வாசித்தேன். கண்டக்டர், “பெரியவரே, ஏறுதீரா இல்லியா?” என்று சத்தம் போட்டார். “இரும்வே, இன்னும் ரெண்டு எழுத்து பாக்கி இருக்கு” என்றேன். பஸ்ஸே சிரித்தது. பாபநாசம் என்று வாசித்து முடித்துவிட்டுத்தான் ஏறினேன். எனக்குப் பாபநாசத்தில் ஒரு வேலையும் இல்லை.

மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன். அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது. நீ வைத்த முருங்கை பூத்திருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னமும் இரண்டு தட்டு எடுத்துவிடுகிறேன். பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதாயே. “எப்பா, இந்த வயசுல நர்சு மேல்படிப்பு என்னால முடியலப்பா. புள்ளியியல்ல பெயில். நான் ஊசி போடப் பழக்குன பிள்ள இங்க எனக்கு டீச்சரா நிக்குது. தீபாவளிக்குப் பெட்டியோட வந்துருதேன். ஒங்களுக்கும் ஒத்தையில கஷ்டம்லா” என்றாய். நான் வாம்மா என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு ரொம்ப உற்சாகமாகப் போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பீர் முகம்மதுவிடம் சொன்னேன். அவர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, “என்னவே பூதத்தான், மவ படிப்ப வுட்டுட்டு வாரா, நீரு கல்யாண வீட்டுக்காரன் மாரி சிரிக்கீரு?” என்று கேட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. இதே மாதிரி நான் இன்னொரு தடவையும் சிரித்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், மலையில் எஸ்டேட்டில் இருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுத் தபாலுக்குக் காத்திருந்தாய் அல்லவா? தினமும் பஸ் வரும் நேரத்துக்கு ஆபீஸ் வரைக்கும் ஓடுவாய். நீ போகாத ஒரு மழை நாளில் தபால் வந்தது. கணக்கப்பிள்ளை அம்பலவாணன் பிரித்து வாசித்தார். “ஏலே பூதத்தான், ஒம்மவளுக்கு மெட்ராஸ்ல நர்சு பட்டப்படிப்புக்கு எடம் கெடச்சிருக்குலே! பத்து நாள்ல போய்ச் சேரணும்” என்றார். “அய்யா, பிள்ளைகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்” என்று கையில் வாங்கிக்கொண்டேன். சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன்.

சொல்லவில்லை. உன் அம்மா இசக்கித்தாய் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து இறங்கி வரும்போது தூரத்தில் நம் லைன் வீட்டுக் கூரையில் புகை தெரியும். நீ அடுப்பு மூட்டிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். அந்தப் புகை இல்லாத கூரையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒன்றும் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு பாளையங்கோட்டையில் டிப்ளமோ சேர்ந்தாய். அம்பாசமுத்திரத்தில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பட்டம் முடித்தாய். கல்யாணமும் வேண்டாம் என்று என்னோடேயே இருந்துவிட்டாய். எல்லாரும் பூதத்தான் கொடுத்துவைத்தவன் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

இதைப் போனில் சொல்ல வாய் வராது. பிறர் கையால் எழுதவும் முடியாது. எழுபத்து நாலு வயதில் நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது இதற்காகத்தான். அந்தப் பழைய தபாலை நான் எறியவில்லை. மழைக்கம்பளிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். போன மாதம் அதை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். தனலட்சுமி, தகப்பனார் பெயர் பூதத்தான் என்று அச்சில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் கண் தெரியவில்லை. இதோடு வைத்து அனுப்புகிறேன். அது உன்னுடையது.

அதனால் மகளே, நீ பெட்டியோடு வராதே. தீபாவளிக்கு வா, இரண்டு நாள் சாப்பிடு, திரும்பிப் போ. புள்ளியியல் பரீட்சையை மறுபடி எழுது. அந்தச் சின்னப் பிள்ளையிடமே போய்க் கேட்டுப் படி. எனக்குச் சொல்லித்தரும் ஃபர்ஹத்துக்கு இருபத்திரண்டு வயதுதான், நான் கை கட்டித்தான் நிற்கிறேன். எனக்காக வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. சொன்னால் நான் மறுபடியும் சிரித்துவிடுவேன். என்னை நம்ப முடியாது.

திட்ட வேண்டும் என்றால் தபாலில் திட்டு. போனில் என்றால் ஒரு தடவைதான் கேட்கலாம். நீ எத்தனை பக்கம் எழுதினாலும் யாரிடமும் கொடுக்காமல் நானே வாசிப்பேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரமும் ஒரு தாளோடு உட்காருவேன்.

நீ நினைத்ததைப் படித்து முடித்து நல்லா இரும்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
பூதத்தான்