படத்தில் கேட்டது என் பேச்சு இல்லை

வலங்கைமான்
ஐப்பசி 4

அன்புள்ள மகன் ராஜ்குமாருக்கு அப்பா எழுதுவது. நீயும் பூர்ணிமாவும் குழந்தை வானதியும் மெல்போர்னில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். பத்து நாளாக நீ கூப்பிட்டும் நான் பேசாததற்குக் காய்ச்சல் என்று அம்மா சொல்லியிருப்பாள், அது பொய். சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறேன்.

காரணம் அந்தப் படம். போன வருஷம் நம் வாய்க்கால் கரையில் படம் பிடித்தபோது கதாநாயகனுக்கு நம் பக்கத்துப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், நான்கு நாள் போய் ஐந்தாம் நாள் நின்றுவிட்டேன். ஏன் என்று நீ கேட்டதில்லை. தண்ணீருக்காக இரண்டு பங்காளிகள் சண்டை போடும் காட்சி. இராஜாங்கம் சித்தப்பாவோடு மடைக்காக நான் சண்டைக்கு நின்றதை அப்படியே பேசிக் காட்டினேன். "நீங்க பாட்டுக்கு மடையை அடைச்சிட்டுப் போயிட்டீங்க, எம் பயிரு காயுது. இனிமே உங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் வரமாட்டேங்க." ஏழு வருஷம் அவன் வாசலை மிதிக்கவில்லை நான். இயக்குநர் சிரித்து, "என்ன ஐயா, சண்டை போடச் சொன்னா சம்பந்தம் பேசுறீங்க" என்றார். வாய்யா போய்யா என்கிற பங்காளியை நீங்க என்று கூப்பிட்டால் அதற்கு மேல் எங்களுக்கு வசவில்லை என்றேன். கிராமத்து வாசனை வரவில்லையாம். தெற்கத்திக்காரரின் 'ஏலே'யைக் கொண்டுவந்து நம் வயலில் நட்டுவிட்டார்கள். அந்த நடிகர் உழைக்கவில்லை என்று சொல்லமாட்டேன், மண்வெட்டி பிடித்த பிடி சரியாக இருந்தது. வாயைத் திறந்தால் வேறு ஜில்லா. நன்றி என்று என் பெயரையும் போட்டுவிட்டார்கள். எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. டீக்கடையில் இராஜாங்கமே, "வாங்க வாத்தியாரே, எங்க, ஒருதரம் ஏலேன்னு சொல்லுங்க, கேப்போம்" என்கிறான்.

அதைப் பொறுத்தேன். நீ வாட்சப்பில் எழுதியதைத்தான் பொறுக்க முடியவில்லை. படம் பார்த்து அழுதாயாம், அப்பா பேசுவது போலவே இருந்ததாம். இருபத்திரண்டு வருஷம் என் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நீ. மறுநாள் வானதி போனில் "ஏலே தாத்தா" என்றாள், தாத்தா ஊரில் இப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீ சொல்லிக்கொடுத்தாயாம், பக்கத்தில் உன் சிரிப்பும் கேட்டது. அன்றிலிருந்து நான் போனைத் தொடவில்லை. "நீங்க பேசாட்டி பிள்ளைக்கு அந்தப் படத்துக்காரன் கொரலுதாங்க மிஞ்சும்" என்கிறாள் அம்மா. சரிதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் நான் பேசி அதை மாற்றிவிட முடியுமா? உனக்கே வித்தியாசம் தெரியாதபோது அவளுக்கு யார் சொல்வது?

பூர்ணிமாவிடம் கழுத்து வலிக்கு உயரமான தலையணை வைக்க வேண்டாம் என்று சொல். உன் பாஸ்போர்ட் மார்கழியோடு முடிகிறது, மறந்துவிடாதே. மூவருக்கும் ஒரு குறையும் வராமல் குலதெய்வம் காக்கட்டும். தீபாவளிக்கு அம்மாவைக் கூப்பிடு, காத்திருப்பாள். குழந்தை என்னைக் கேட்டால் தாத்தா வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொல். அடுத்த வாரம் கேட்டாலும் அதையே சொல்.

உன் அப்பா,
ரெங்கசாமி