ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கமாக ஆரம்பிப்பேன், இந்த முறை யார் நலம் என்பதிலேயே வீட்டில் பெரிய வழக்கு நடக்கிறது, அதனால் நீ நலமா என்று மட்டும் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷக் காய்ச்சலிலிருந்து உன் தங்கைக்கு அசதி விடவில்லை, ஒரு நாள் நாலு துணி மடித்தால் மறுநாள் முழுக்கப் படுக்கை. டாக்டர் சொன்னாரென்று ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். ஊசி குத்தியது அவளுக்கு, மயங்கி விழுந்தது உன் அப்பா! லேப் பெண் பழச்சாறை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் விழித்தாள், நோயாளியே உட்கார்ந்து அவருக்கு விசிறினாள். மானம் போன ஆத்திரத்தில் எனக்கும் எடுங்க என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார் மனுஷன்.

ரிப்போர்ட் வந்தது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, எதிலும் அவளுக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் ரிப்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், தெருமுனைத் தையல்காரர் வரைக்கும் என் பொண்ணுக்கு ஒண்ணுமில்லை என்று சொல்லி, கேக் வாங்கி வந்து, மாடிக்குப் போய்த் துணி எடு என்று அவளை விரட்டினார். போய் வந்தவள் மூன்று நாள் எழவில்லை. நீயும் போனில், அதான் ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சே, சோம்பல்தான், நடக்கச் சொல்லும்மா என்றாய். புத்தி கெட்டவள், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் கேட்டுவிட்டாள்.

அப்புறம் டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை உங்களுக்குத்தான் என்று அப்பாவிடம் சொன்னாரே பார்க்கணும்! எனக்குத்தான் ஒண்ணுமே செய்யலையே, மெஷின் தப்பு என்று குதித்தார். டாக்டர் நிதானமாகச் சொன்னார், இதெல்லாம் வேறு நோய் இல்லையென்று தெரிந்துகொள்ளத்தான், இந்த அசதி நோயைக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, சக்திக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்று. வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தார். இப்போது மாடித் துணி அவர் பொறுப்பு, பக்கத்து வீட்டுக்காரர் சட்டையும் சேர்ந்து வருகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள், நீ நூறு வருஷம் நன்றாயிருக்கணும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு என்னோடு மட்டும் பேசி வைத்துவிடுகிறாய். உன்னோடு பேசத் தெம்பு வேண்டுமென்று அன்றைக்கு அவள் குளிக்காமல்கூடப் படுத்திருக்கிறாளடா.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா