பவானி அக்கா பெயரில் வந்த படம்

வெள்ளிக்கிழமை. விடாத மழை.

துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் குவில்ட் போர்வைக்கு வாரம் ஒரு கட்டம் தைத்துப் படம் போடும் எங்கள் ஆன்லைன் குழுவில், இன்று பவானி அக்கா பெயரில் ஒரு படம் வந்தது. மலேசியாவின் ரிங்லெட்டில் அக்கா இறந்து ஒரு மாதம் ஆகிறது. நட்சத்திரக் கட்டம், அவருடைய நீலச் சேலைத் துணி. தேயிலைத் தோட்ட வேலையிலிருந்து வந்த ஈர உடையோடு அவர் எண்ணுக்கே அழைத்தேன். அக்காவின் கணவர் எடுத்தார்.

"நான்தாம்மா தச்சேன். அவ வெட்டி வச்ச துணி மெஷின்லயே கெடந்துச்சி. பாத்துக்கிட்டு இருக்க முடியல லா."

"நல்லா இருக்குண்ணே."

"அடுத்த கட்டம் எப்படின்னு சொல்லுமா. இன்னும் நெறைய வெட்டி வச்சிருக்கா."

சொன்னேன். பிறகும் படத்தை மூட மனம் வரவில்லை. நட்சத்திரத்தின் ஒரு முனை, அக்கா தைப்பதைப் போலவே வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாத மனுஷன் என்று அண்ணனைப் பற்றி அக்கா சொல்லிச் சிரிப்பார்.