மூன்றாவது வரிசையில் சிவப்புத் தொப்பி

ஹாவ்லிக் க்ரீக், நெப்ராஸ்கா
14 ஏப்ரல் 1987

மதிப்பிற்குரிய திரு. டேக்கெட் அவர்களுக்கு,

நான் கர்ட்டிஸ் வொசிகாவின் அம்மா. போன வியாழக்கிழமை எங்கள் பள்ளி மைதானத்தில் அவன் பேஸ்பால் ஆடியதைப் பார்க்க வந்திருந்தீர்கள். தொழில்முறை அணிக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடித் தருவது உங்கள் வேலை என்று பயிற்சியாளர் சொன்னார். கிளம்பும்போது நீங்கள் சொன்னதையும் சொன்னார்: "கை நல்லா இருக்கு. ஆனா பையன் வளர்ந்து முடிச்சாச்சு. இதுக்கு மேல ஒண்ணும் வராது."

கர்ட்டிஸ் அதைக் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து தினமும் இருட்டும்வரை கொட்டகைச் சுவரை நோக்கிப் பந்தடிக்கிறான். பதினெட்டு வயதுப் பையன் வளர்ந்து முடித்துவிட்டான் என்று ஒரே ஆட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? குறையாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மார்லீன் வொசிகா


லிங்கன்
18 ஏப்ரல் 1987

அன்புள்ள திருமதி வொசிகா,

பயிற்சியாளரிடம் சொன்னதைப் பையன் காதில் விழும்படி சொன்னது என் தவறு.

ஓட்டம், எறிதல், பிடித்தல், அடித்தல், அடியின் பலம். ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பதுவரை இரண்டு மதிப்பெண் போடுவேன். ஒன்று இன்றைக்கு, இன்னொன்று அவனுடைய இருபத்துநாலு வயதுக்கு. நான் இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியார். அங்கே பிள்ளைகள் எழுதியதற்கு மார்க் போட்டேன். இங்கே எழுதப்போவதற்குப் போட வேண்டியிருக்கிறது.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பையனைப் பார்த்ததும் திரும்பி, கூட்டத்தில் அப்பாவைத் தேடுவோம். கன்று வாங்கப் போனவர் காளையையும் பார்ப்பதுபோல. மூன்றாவது வரிசையில் சிவப்புத் தொப்பி போட்டுக் கத்திக்கொண்டிருந்தாரே, உங்கள் கணவர், அவர் ஐந்தடி ஏழு அங்குலம் இருப்பார். கர்ட்டிஸ் ஏற்கெனவே அவரைவிட நாலு அங்குலம் கூட. அதனால் அடியின் பலம் இன்று நாற்பது, நாளையும் நாற்பது என்று போட்டேன். ஐம்பதைத் தொட்டால்தான் அலுவலகத்தில் பேச்சு நடக்கும்.

அன்புடன்,
ஆர்வில் டேக்கெட்


22 ஏப்ரல் 1987

அன்புள்ள திரு. டேக்கெட்,

இதை வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. லெனார்ட் கர்ட்டிஸைப் பெற்றவர் இல்லை. பெற்றவன் ஆறடி நாலு அங்குலம். கதவுக்குள் குனிந்து வருவான். குழந்தை பிறக்கும் முன்பே என்னை விட்டுப் போய்விட்டான். நாங்கள் லெனார்டோடு இந்த ஊருக்குக் குடிவந்தபோது கர்ட்டிஸுக்கு ஒரு வயது. அவனுக்கு எதுவும் தெரியாது.

நீங்கள் தப்பான ஆளைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டீர்கள். திருத்துங்கள். ஆனால் காரணம் எழுதாமல் திருத்துங்கள்.

மார்லீன் வொசிகா


27 ஏப்ரல் 1987

அன்புள்ள மார்லீன்,

கொடுக்கப்பட்டது சரியா என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்கு என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். நானே பார்க்கவில்லை.

ஆனால் படிவத்தில் 'தந்தையின் உயரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் மதிப்பெண் ஏறினால், சரிபார்க்க இன்னொருவர் உங்கள் வீட்டுக்கே வருவார். பையனை வைத்துக்கொண்டே கேட்பார். ஒளித்து எழுத எனக்கு வழி தெரியவில்லை. மே பதினான்காம் தேதி மறுபடி ஆட்டம் பார்க்க வருகிறேன். அதற்குள் முடிவெடுங்கள். எதுவானாலும் இந்தக் கடிதங்கள் என்னோடு இருக்கும்.

ஆர்வில்


4 மே 1987

அன்புள்ள ஆர்வில்,

யாரோ ஒருவர் சோபாவில் உட்கார்ந்து கேட்டுத் தெரிவதைவிட நானே சொல்வது மேல் என்று தோன்றியது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்லிவிட்டேன்.

கர்ட்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான். லெனார்டைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றான்.

"தெரியாம? மொத நாள் உன்னத் தூக்கினதும் என் நல்ல சட்டைல வாந்தி எடுத்த. இனிமே இவன் நம்ம ஆளுதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. கர்ட்டிஸ் எழுந்து வெளியே போனான். சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டது. பத்து நிமிடம் கழித்து லெனார்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார், எப்போதும்போல அவனுக்குப் பந்து வீச. "என்னடா, எட்டுத் தடவ வீசினா ஏழு காத்துல போகுது. உங்கம்மா இதவிட நல்லா அடிப்பா" என்று அவர் சொன்னது சமையலறைவரை கேட்டது.

உள்ளே வந்ததும் கர்ட்டிஸ் சொன்னான்: "அந்த ஆளுகிட்டச் சொல்லுங்கம்மா. எங்கப்பா உயரம் அஞ்சடி ஏழு. அதையே எழுதட்டும். அந்த ஆளுக்குப் பாக்கணும்னா என்னைப் பாக்கட்டும்."

அவன் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

மார்லீன்


16 மே 1987

அன்புள்ள மார்லீன்,

இந்த முறை பார்வையாளர் வரிசை கண்ணில் படாத இடத்தில், வலதுபக்க வேலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கர்ட்டிஸின் சட்டைக்கை மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. உடம்புக்கு மீறிய பாதம். சதை ஏறாத அகன்ற தோள். ஏப்ரலிலும் இதெல்லாம் அங்கேதான் இருந்திருக்கும். நான் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு ரகசியத்தைச் சொல்லும் அளவுக்கு உங்களைக் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. அதற்கு என்னை மன்னியுங்கள்.

தந்தையின் உயரம் ஐந்தடி ஏழு. அடியின் பலம் இன்று நாற்பது, நாளை ஐம்பத்தைந்து. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சரிபார்க்க ஆளனுப்பாமல் எங்கள் அலுவலகத் தலைவர் போனிலேயே, "அப்பன் குள்ளம், மகன் இன்னும் வளருவானா? கண்ணாடிய மாத்துய்யா" என்றார். மாற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

ஆர்வில்


6 ஜூன் 1987

அன்புள்ள ஆர்வில்,

தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த மூன்று நாளும் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தோம். ஒரே ஒரு முறை மணி அடித்தது. லெனார்டின் தங்கை, பாத்திரம் கேட்டு.

கர்ட்டிஸ் கல்லூரியில் சேர்கிறான். மூன்று வருடம் கழித்து மறுபடி தேர்ந்தெடுக்கலாமாமே. அவனே விசாரித்து வைத்திருக்கிறான். அப்போது வாருங்கள். எங்கே வேண்டுமானாலும் நின்று பாருங்கள். நாங்கள் மூன்றாவது வரிசையில்தான் இருப்போம்.

சமையலறைக் கதவுச் சட்டத்தில் வருடா வருடம் அவன் உயரத்தை லெனார்ட் பென்சிலால் குறித்துவருகிறார். இன்று காலை பார்த்தால், ஈஸ்டருக்குப் போட்ட கோட்டைவிட அரை அங்குலம் மேலே. உச்சந்தலை கண்ணுக்கு எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறித்தான் குறித்தார்.

"ஆடாம நில்லுடா."

"நான் எங்க ஆடறேன்? ஸ்டூல்தான் ஆடுது" என்று அவரைப் பிடித்துக்கொண்டான்.

அன்புடன்,
மார்லீன்