அரசர் சொன்ன 'நாம்'

12-8-1986, செவ்வாய். திண்டிவனம்.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் ஓர் அரசர் போருக்கு முன் தன் படையிடம் பேசும் உரை வருகிறது. அந்தப் பேச்சு கேட்பவர்களை எப்படி வசப்படுத்துகிறது என்று யோசித்து எழுதச் சொல்லியிருந்தேன். மாதத் தேர்வில் கிளியனூர் செல்வி ஒருத்திதான் யோசித்திருந்தாள். "அரசர் 'நாம் சாவோம்' என்கிறார். ஆனால் அவர் யானைமேல் இருக்கிறார்." பத்துக்கு ஒன்பது போட்டேன்.

இன்று தலைமையாசிரியர் அந்தத் தாளோடு என்னைக் கூப்பிட்டார். "நோட்ஸ்ல வீரம், நாட்டுப்பற்றுன்னுதான இருக்குது? பப்ளிக்ல இப்படி எழுதினா ஃபெயில் போட்டுருவாங்க டீச்சர். அப்புறம் அந்தப் பொண்ணு கொல்லையில கூலிக்கு மல்லாட்டை புடுங்கத்தான் போவணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஒன்பதை அடித்துவிட்டு இரண்டு போட்டேன்.

செல்வி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நான் எழுதினது தப்புங்களா டீச்சர்?"

"ஆமாம்" என்றேன்.

அவள் அழவில்லை. சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்முன் என்னிடம் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நோட்ஸில் இருந்த விடையை முழுதாக ஒப்பித்தாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

"இப்ப சரிங்களா டீச்சர்?"

சரி என்று சொல்லி அனுப்பினேன்.